புரோக்கர் இல்லாமல் நிலம் விற்பது: கேட்டவர்களுக்குப் பதில்

‘இடைத்தரகர் இல்லாமல், ரொக்கம் வாங்கிக்கொண்டு காட்டை, அதாவது விவசாய நிலத்தை, விற்கலாமா?’ என்று ஒருவர் தொடங்கி வைத்தார். அதற்குள் கேள்விகள் குவிந்துவிட்டன. பத்திர எழுத்தராகப் பிழைத்தவன் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டு நிலம் மட்டும் கேளுங்கள். வழக்கில் இருக்கும் சொத்துக்கு வக்கீலிடம் போங்கள். எந்த ஊரில் சென்ட் என்ன விலை என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஒட்டன்சத்திரத்தான்: ஐயா, மூணு ஏக்கர் மானாவாரி. கரண்ட் கம்பத்தில் ‘நிலம் நேரடியாக வாங்கப்படும், உடனடிப் பணம்’ என்று போர்டு இருந்தது. போன் செய்தேன். ரெண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதம் அக்ரிமெண்ட் கேட்கிறார்கள். போடலாமா?

தம்பி, உடனடிப் பணம் என்றவர் ஆறு மாதம் கேட்கிறார். அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் வாங்க வரவில்லை, உங்கள் காட்டை வைத்து இன்னொருவருக்கு விற்க வந்திருக்கிறார்.

அக்ரிமெண்டை எடுத்து, ‘தங்கள் பேரிலோ, தாங்கள் காட்டும் நபர்கள் பேரிலோ கிரயம் செய்து கொடுக்கக் கடவேன்’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும். அந்த ஒரு வரி போதும், ஏக்கருக்கு ஐந்து லட்சம் மேலே வைத்து மூன்றாவது ஆளுக்குத் தள்ளிவிடலாம். நேரடி வியாபாரம் என்று நினைத்து நீங்கள் புரோக்கருக்கே அக்ரிமெண்ட் போட்டிருப்பீர்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் அட்வான்ஸோடு போய்விடுவார் என்றும் நம்ப வேண்டாம். பதிவான ஒப்பந்தம், சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அவர் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் வேறு எவரும் கிட்டே வரமாட்டார்கள். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட அவருக்கு மூன்று வருடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். ‘பதியாவிட்டால் அது வெறும் காகிதம்தானே’ என்று சில பேர் தைரியமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதுவும் தப்பு. பதியாத ஒப்பந்தத்தையும் அந்த மாதிரி வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது.

போட்டே ஆக வேண்டுமென்றால் அறுபது நாள் கெடு வையுங்கள், அந்த ‘காட்டும் நபர்’ வரியை அடிக்கச் சொல்லுங்கள், அட்வான்ஸை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். தாய்ப்பத்திரத்தின் நகலைக் கொடுங்கள். அசலைப் பதிவு நாள் வரை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

மணப்பாறை மாடு: எங்க ஊரில் சென்ட் என்ன போகும்?

மேலே முதல் பத்தி.

தென்னந்தோப்பு: முழுப் பணமும் ரொக்கமாக வாங்கினால் என்ன தப்பு? திருட்டுப் பணமா? என் நிலம்தானே?

நிலம் உங்களுடையதுதான், தொகை வாங்கும் வழிக்குத்தான் சட்டம் இருக்கிறது. 2015 ஜூன் முதல், அசையாச் சொத்து விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸுக்கும் இதேதான். மீறினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம், அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, கை நீட்டி வாங்கிய உங்களுக்கு. பேரம் முறிந்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தாலும் வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை: அண்ணே, இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். எங்கள் பக்கம் ஏக்கர் 40 லட்சம் பேசுவார்கள், அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு 9 லட்சம் இருக்கும். 9-க்குப் பத்திரம், 31 கையில். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

செய்கிறார்கள், தெரியும். அப்படி எழுதியதில் யாருக்கு என்ன மிச்சம் என்று கணக்குப் போடுங்கள், பெயரே கணக்குப்பிள்ளையாயிற்றே.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக 31 லட்சத்துக்கு 9%, 2 லட்சத்து 79 ஆயிரம். இது முழுக்க வாங்குகிறவருக்கு மிச்சம். தவிர, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணத்தையும் அவர் உங்கள் தலையில் இறக்கிவிட்டார்.

உங்களுக்கு என்ன மிச்சம்? ஒன்றுமில்லை. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரியே (விற்ற லாபத்துக்கான வரி) கிடையாது. 9 லட்சம் காட்டினாலும் பூஜ்யம், 40 லட்சம் காட்டினாலும் பூஜ்யம். வரியே இல்லாத பணத்தை எதற்காக ஒளிக்க வேண்டும்? நாளைக்குப் பெண்ணுக்கு வீடு வாங்கப் போவீர்கள், அந்த 31 லட்சத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். சேமிப்புக் கணக்கில் ஒரு வருடத்தில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கியே வருமான வரித்துறைக்குத் தகவல் அனுப்பும். ‘காடு விற்ற காசு’ என்பீர்கள். பத்திரத்தில் 9 லட்சம்தானே இருக்கிறது? முழுத் தொகையை எழுதியிருந்தால் அந்தப் பத்திரமே உங்களுக்குச் சாட்சி.

பருத்திக்காடு: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். விவசாயிகளுக்கு அந்த 20,000 ரூபாய் விதி பொருந்தாது என்று ஆடிட்டர் சொன்னாரே?

பாதி சொல்லியிருக்கிறார், அல்லது நீங்கள் பாதி கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்குமே விவசாய வருமானம் மட்டும்தான் இருக்க வேண்டும், இருவரில் யாருக்கும் வரி கட்டும் வருமானம் இருக்கக் கூடாது. அப்போதுதான் விலக்கு. பக்கத்துக் காட்டுக்காரர் வாங்கினால் சரி. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் வாங்கினால் விலக்கு போச்சு.

கணக்குப்பிள்ளை: முழுத் தொகைக்குப் பத்திரம் என்றால் எவனும் வாங்க மாட்டான் அண்ணே. விலையைக் குறைப்பான். நீங்கள் பதிவு அலுவலகத்து வாசலில் உட்கார்ந்து பேசுகிறீர்கள், நாங்கள் வரப்பில் நின்று பேசுகிறோம்.

குறைப்பார், ஒத்துக்கொள்கிறேன். எவ்வளவு குறைப்பார்? அவருக்குக் கூடுதல் செலவு 2 லட்சத்து 79 ஆயிரம். அதில் பாதியை நீங்கள் விட்டுக்கொடுத்தாலும் ஒன்றரை லட்சம்கூட இல்லை. 31 லட்சத்தை வீட்டுப் பீரோவில் வைத்துக் காவல் காக்கிறதற்கு இது எவ்வளவோ தேவலை. அதற்கு மேல் குறைக்கிறார் என்றால் அவர் பயப்படுவது முத்திரைத் தீர்வைக்கு அல்ல. அப்படிப்பட்ட ஆள் நமக்கு வேண்டாம்.

கணக்குப்பிள்ளை: இதுவரை எத்தனை விவசாயிக்கு அபராதம் வந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

2025 ஏப்ரல் 16-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. சொத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கைமாறியதாக வழக்கிலோ பதிவு அலுவலகத்திலோ தெரிய வந்தால், நீதிமன்றமும் சார்பதிவாளரும் வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இனி அட்வான்ஸ் தகராறு என்று யார் கோர்ட்டுக்குப் போனாலும் இரண்டு பேர் வண்டவாளமும் ஏறும். இதோடு இந்தப் பேச்சை விடுகிறேன்.

அவிநாசி ரோடு: ‘கிராமத்து நிலம்’ என்பதற்கு என்ன அளவுகோல்? எங்களுடையது பஞ்சாயத்துக்குள் இருக்கிறது, ஆனால் ஊர் பக்கத்தில்தான்.

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

பஞ்சாயத்து என்பது மட்டும் போதாது. பக்கத்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். அந்த ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், ஒரு லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. அந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தால்தான் வரி இல்லை. தூரத்தை ரோடு வழியாக அளக்கக் கூடாது, வான்வழியாக, நேர்கோட்டில். பஸ்ஸில் 11 கிலோமீட்டர் என்பது நேர்கோட்டில் ஏழரையாக இருக்கும், 8 கிலோமீட்டர் கணக்குள்ள பெரிய ஊர் என்றால் அங்கே வரி வந்துவிடும். வி.ஏ.ஓ., தாசில்தாரிடம் தூரச் சான்று கேட்டு வாங்கி வையுங்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். சோளம் விதைத்ததாக ஒரு வரிகூட இல்லாத தரிசை விவசாய நிலம் என்று வாதாடுவது கஷ்டம்.

எல்லைக்குள் வந்துவிட்டால், பூர்வீகச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். மீதிக் கணக்கு ஆடிட்டர் வேலை.

கடைக்குட்டி: அப்பா காலமாகிவிட்டார். அக்கா கல்யாணம் 1985-ல் நடந்தது. சீர் எல்லாம் செய்தாயிற்று. அவர் கையெழுத்து வேண்டுமா?

வேண்டும்.

கடைக்குட்டி: 1989 சட்டப்படி அதற்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குப் பங்கில்லை என்கிறார்களே?

அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலச் சம பங்கு என்று 2005-ல் மத்தியச் சட்டம் வந்துவிட்டது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் வேறு கதை. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த நிலம், உயில் இல்லை என்றால் 1956-லிருந்தே மகளுக்குச் சம பங்கு. சீர் செய்ததும் பங்கு கொடுத்ததும் ஒன்றல்ல. வாரிசுச் சான்றிதழில் யார் யார் பெயர் இருக்கிறதோ அத்தனை பேரும் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடட்டும், அவரவர் பங்கு அவரவர் கணக்குக்கே போகட்டும். அக்காவை நேரில் போய்க் கூப்பிடுங்கள் தம்பி, வாட்ஸாப்பில் அல்ல.

மனைக்காரன்: 1998-ல் வாங்கிய 2,400 சதுர அடி மனை. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விற்றார்கள். இப்போது நான் விற்க முடியுமா?

முடியும். பஞ்சாயத்துத் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் கிடையாது, அது வெறும் சீல். ஆனால் 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டுமனையாகவே பதிவாகியிருந்தால் மறுபடி கிரயம் செய்யலாம். வாங்குபவருக்கு வீடு கட்ட அனுமதியும் வங்கிக் கடனும் வேண்டுமென்றால் மனையை வரன்முறை செய்து அரசு அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். அதை நீங்களே செய்துவிட்டு விற்றால் விலை நிற்கும்.

தென்னந்தோப்பு: ஐயா, ரொக்கமாக வாங்கினால்...

மேலே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

தோஹாவாசி: நான் கத்தாரில் இருக்கிறேன். தாத்தா கொடுத்த ஒன்றரை ஏக்கர் நன்செய். மச்சானுக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்து விற்கலாமா?

விற்கலாம். விவசாய நிலத்தை வெளிநாடுவாழ் இந்தியர் விற்பதாக இருந்தால், இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். அங்கே பக்கத்து அறை நண்பர் கேட்கிறார் என்றால் முடியாது. பவரைத் தூதரகத்தில் எழுதி அனுப்புங்கள். அதில் ‘பதிவுக்கு ஆஜராகிக் கையெழுத்திட’ மட்டும் அதிகாரம் கொடுங்கள், ‘தொகையைப் பெற்றுக்கொள்ள’ என்ற சொல் வேண்டாம். பணம் நேராக உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும். உள்ளூரில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: விற்க வந்தவனிடம் பவர் கேட்கிறவர் பத்திரச் செலவை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். பவரால் நிலம் கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பின்னால் வரும் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

கணக்குப்பிள்ளை: கடைசியாக ஒன்று அண்ணே. முழுத் தொகையும் வெள்ளையாகவே தருகிறான் என்று வையுங்கள். பதிவன்று பணம் வராமல் போனால்?

இது உருப்படியான கேள்வி. இத்தனை நேரம் இதைக் கேட்டிருக்கலாம்.

பதிவு அலுவலகத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பெரியவரை உள்ளே கூப்பிடுவார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல், கருவியில் ரேகை விழாது. துடைத்துத் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார்கள். எல்லோர் கவனமும் அந்தக் கட்டைவிரல் மேல் இருக்கும்போது, வாங்குபவர் வெளியே நின்று ‘ஆர்டிஜிஎஸ் போட்டாச்சு, நெட்வொர்க் ஸ்லோ, வந்துடும்’ என்பார். டோக்கன் போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். ரேகை விழுந்துவிட்டால் நிலம் போயிற்று. பத்திரத்திலோ ‘கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும்.

பணம் பாக்கி என்று நீங்களாகப் போய்க் கிரயத்தை ரத்து செய்ய முடியாது. பாக்கித் தொகைக்கு அந்த நிலத்தின் மேல் உங்களுக்குப் பாத்தியதை உண்டு, ஆனால் அதை சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அதனால் முதல் நாளே டிடி எடுக்கச் சொல்லி, எண்ணைப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். அல்லது கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணமில்லை. டோக்கன் போனால் போகட்டும், இன்னொரு நாள் போடலாம்.

சோழமண்டலம்: பேச்சு மா கணக்கில், பட்டா ஹெக்டேரில். குழப்பம்.

ஒரு மா 33 சென்ட். ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஒரு ஏர், ஒரு ஏக்கர் 40.5 ஏர். பட்டாவில் 0.40.50 என்று இருந்தால் ஒரு ஏக்கர்.

மணப்பாறை மாடு: சும்மா ஒரு உத்தேச விலையாவது...

இல்லை.

கிணத்துக்கடவு: எங்கள் காட்டில் கிணறு பங்காளிகள் மூன்று பேருக்கும் பொது. வண்டிப்பாதை சித்தப்பா காடு வழியாகப் போகிறது. விற்கும்போது இதை எல்லாம் எழுத வேண்டுமா?

கண்டிப்பாக. ‘கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, முறைத் தண்ணீர் இறைக்கும் பாத்தியதை, அதிலுள்ள மோட்டார், மின் இணைப்பில் பங்கு, இன்ன சர்வே எண்ணின் தென்புறம் இத்தனை அடி அகல வண்டித்தட பாத்தியதை’ என்று அளவோடு எழுதச் சொல்லுங்கள். ‘மாமூல் வழி’ என்று மட்டும் எழுதினால், அடுத்த தலைமுறையில் சித்தப்பா மகன் முள்வேலி போடுவான். புல வரைபடத்தில் அந்தப் பாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விற்கும் முன்னால் சித்தப்பாவிடம் வழிப் பாத்தியதைக்குத் தனிப் பத்திரம் எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருக்கும், மாற்ற அலைய வேண்டியிருக்கும். வாங்குபவரிடம் அதை இப்போதே சொல்லிவிடுங்கள்.