வாசலில் நிற்பது யார் வண்டி?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் 22 வருடமாக எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் எங்கள் தெருவை ஒருவழிப்பாதை ஆக்கினார்கள். கூடவே 'நோ பார்க்கிங்' போர்டும் நட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. நானே என் ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி விட்டுவிட்டு நடந்து வர வேண்டியிருக்கிறது. அடுத்து பாண்டி பஜார் மாதிரி நடைபாதையை அகலப்படுத்தப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. கடைக்காரன் வயிற்றில் அடிப்பதுதான் ஸ்மார்ட் சிட்டியா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், சென்னை-33

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லா வரியையும் ஒருமுறை படித்தேன். ஸ்கூட்டர் வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். காலை ஒன்பதரைக்குக் கடை திறந்து இரவு ஒன்பதுக்கு ஷட்டர் இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இத்தனை வருடம் அந்த ஸ்கூட்டர் எங்கே நின்றது? கடை வாசலில், பதினொன்றரை மணி நேரம். வேலைக்கு இரண்டு பையன்கள் இருந்தால் அவர்கள் பைக்கும் அங்கேதான். பக்கத்துக் கடைக்காரரும் அப்படியே. சரி, வாங்க வருகிறவர் எங்கே நிறுத்தினார்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஐந்து கடைகள் வரிசையாக இருக்கின்றன. போன வாரம் ஒரு நாள் டீ குடிக்கப் போனபோது வாசலில் நின்ற வண்டிகளை எண்ணினேன். மணி பத்தரை, பதினான்கு டூவீலர், ஒரு கார். ஒன்றரைக்கு மறுபடி போனேன். பதினொரு டூவீலர் நின்ற இடத்தில் அப்படியே நின்றன. ஒன்றின் சீட்டில் காக்கா எச்சம் காய்ந்து போயிருந்தது. கார் மளிகைக்கடை முதலாளியுடையது. மருந்துக்கடைக்காரர் டயருக்குள் சிமென்ட் கொட்டி, நடுவில் பைப் நட்டு, 'கஸ்டமர் பார்க்கிங் மட்டும்' என்று தகரம் மாட்டியிருக்கிறார். அதற்குப் பின்னால் நின்றது அவர் கடையின் டெலிவரி பைக். கஸ்டமரான ஒரு பெரியவர் ஆட்டோவிலிருந்து நடுரோட்டில் இறங்கி, பஸ்காரரின் ஹாரனை வாங்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரக் கடைவீதிகளில் 2006-ல் ஓர் ஆய்வு நடந்தது. உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 41 என்றார்கள். வாங்க வந்தவர்களையே கேட்டால் 22தான். ஏன் இப்படி? காரில் வந்தவர் இடம் கிடைக்காத எரிச்சலைக் கல்லாவுக்கு எதிரே நின்று கொட்டிவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார். நடந்து வந்தவர் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவார். உங்கள் காதில் விழுவது முதல் ஆள் மட்டும்.

ரயில்வே லைனைத் தாண்டினால் உங்களுக்கு ரங்கநாதன் தெரு. அங்கே எந்தக் காலத்தில் யார் கடை வாசலில் கார் நின்றது? தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் கை வீசி நடக்க முடியாது. அத்தனை பேரும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்காகத்தான் 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை கட்டித் திறந்தார்கள்.

பாண்டி பஜார் கதை வேறு. அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்துகிறவர்களும் சரி, ஆசை காட்டுகிறவர்களும் சரி, பாதியைத்தான் சொல்கிறார்கள். சுமார் 40 கோடி ரூபாயில் அமைத்த அந்த நடைபாதை வளாகம் திறந்தது 2019 நவம்பரில். நான்கே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. அதனால் 'நடைபாதை வந்தது, வியாபாரம் போச்சு' என்பதையும் நம்ப வேண்டாம், 'நடைபாதை வந்தது, வியாபாரம் பெருகிடுச்சு' என்பதையும் நம்ப வேண்டாம். அந்த இரண்டு வருடக் கணக்குப் புத்தகத்தை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. என் குறை வேறு. தணிகாசலம் சாலையில் 222 கார், 513 டூவீலர் நிற்க அடுக்குமாடி பார்க்கிங் கட்டினார்களே, அது நடைபாதைக்கு அப்புறம்தான் திறந்தது. முதலில் இடத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் இடத்தை எடுப்பதுதானே முறை? நடுவில் வண்டியெல்லாம் பக்கத்துச் சந்துகளுக்குள் புகுந்து, அங்கே குடியிருப்பவர்கள் கேட்டைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்.

இனி உங்கள் பக்கத்து நியாயம். அது இருக்கிறது, ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை.

உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எலெக்ட்ரீஷியன்களாக இருப்பார்கள். பைக்கை ஆஃப் பண்ணாமலே, "அண்ணே, ஒன்றரை எம்எம் ஒயர் ஒரு காயில், ரெண்டு சிக்ஸ் ஆம்ப்ஸ் சுவிட்ச்" என்று குரல் கொடுப்பவர்கள். ஐந்து நிமிட வேலை. ஒயர் காயிலைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு நடக்க அவருக்கு என்ன தலையெழுத்து? வாசலில் நிறுத்த முடிகிற அடுத்த கடைக்குப் போய்விடுவார். முழுத் தெருவுக்கும் ஒரே 'நோ பார்க்கிங்' போர்டு போட்டவர்கள் இந்த ஆளை மறந்துவிட்டார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து பைக் நிற்கும். ஆளுக்கு இருபது நிமிடம் என்றால் பத்து மணி நேரத்தில் 150 பேர் வந்து போகலாம். அதே இடத்தில் காலையிலிருந்து இரவு வரை ஒரே கார் நின்றால், ஒரே ஆள். அந்த ஆளும் பெரும்பாலும் முதலாளி.

ஒருவழிப்பாதை சங்கதி இன்னும் நுணுக்கமானது. எந்தத் திசைக்கு ஒருவழி என்று நீங்கள் எழுதவில்லை. மளிகை, காய்கறி, எலெக்ட்ரிகல் கடைகளுக்கெல்லாம் சோறு போடுவது மாலையில் வீடு திரும்பும் கூட்டம். காலையில் ஆபீசுக்குப் பறக்கிறவர் பல்பு வாங்க நிற்க மாட்டார். மாலைக் கூட்டத்தை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிட்டிருந்தால், உங்கள் வாசலில் பத்து கார் நிற்க இடம் கொடுத்தாலும் பயனில்லை. பஸ் நிறுத்தம் எங்கே போனது என்பதையும் பாருங்கள். வாசலில் பார்க்கிங் போனதைவிடப் பஸ் நிறுத்தம் போனதில் உங்களுக்கு நஷ்டம் அதிகமாக இருக்கலாம். எந்தச் சங்கமும் அதற்காகக் கடையடைப்பு நடத்தி நான் பார்த்ததில்லை.

பார்க்கிங்குக்குக் கட்டணம் என்றாலே நம் சங்கங்கள் கொடி பிடிக்கும். அமெரிக்காவில் பாசடேனா நகரின் பழைய கடைவீதியில் 1993-ல் பார்க்கிங் மீட்டர் வைக்க முனைந்தபோது அங்கேயும் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். மீட்டரில் விழும் பணம் உங்கள் தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்கும்தான் என்று நகராட்சி சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார்கள். நம்மூரில் பார்க்கிங் கட்டணத்தைக் கொடுத்து ரசீது கேட்டால் வசூலிப்பவர் முறைப்பார். அந்தப் பணத்தில் உங்கள் தெருவில் ஒரு குழியாவது மூடினார்களா என்று கேட்கவும் வழியில்லை. கொடி பிடிப்பதானால் இதற்குப் பிடிக்கலாம்.

வணிக வளாகங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள். அனுமதி வாங்கும் வரைபடத்தில் பேஸ்மென்ட் என்பது பார்க்கிங். கட்டி முடித்ததும் அது கோடவுன். அவர்கள் வாடிக்கையாளரின் கார் உங்கள் கடை வாசலில். அவர்களை விட்டுவிட்டு உங்கள் வாசலில் மட்டும் போர்டு நட்டார்கள் என்றால், அந்தக் கோபம் நியாயமானது.

ஆக, மனு எழுதுங்கள். டூவீலருக்கு இருபது நிமிட நிறுத்தம் கேளுங்கள். சரக்கு இறக்கக் காலை பத்து மணி வரை நேரம் கேளுங்கள். மாலையில் மட்டுமாவது இருவழியாகத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். பஸ் நிறுத்தம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள். நடைபாதை அகலமாவதைத் தடுக்க வேண்டாம், பார்க்கிங்குக்கு மாற்று இடம் முதலில் வரட்டும் என்று மட்டும் சேருங்கள். தெருவில் இருக்கும் அத்தனை கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்கு ஒரு நகல் அனுப்பினால் போடுகிறோம்.

ஸ்கூட்டர் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.