கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சினால் போதுமா?

கேள்வி: ஐயா, நிபோங் தெபால் பக்கம் கம்பத்து வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் கீரையும் கங்கோங்கும் போடுகிறோம். ஆடுகள் 14. கிணறு 20 அடி ஆழமுள்ள உறைகிணறு. பைப்பில் தண்ணீர் வராத நாள்களில் அதைத்தான் குடிக்கிறோம். மூட்டை மூட்டையாகக் கோழி எரு வாங்கிக் கிணற்றுப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறோம். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் புல் மருந்து அடிக்கிறார்கள். பேறுகாலத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பேரனுக்கு 2 மாதம், புட்டிப்பால்தான். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, காய்ச்சித்தான் கொடுக்கிறோம். மருந்து கலந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எதைச் சோதிப்பது? ஆடுகளுக்கும் ஆபத்தா?

பதில்: அம்மா, சோதனையெல்லாம் பிறகு. இன்றிலிருந்து பேரனின் பாலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். பைப் தண்ணீர் வரும்போது மூடி போட்ட பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். அதுவும் இல்லாத நாளில் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கிக் காய்ச்சிப் பால் கலக்குங்கள். முடிவு கையில் வரும்வரை இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நீங்கள் பக்கத்துத் தோட்டத்து மருந்துக்குப் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிட உங்கள் எரு மூட்டைகள்தான் பயமாக இருக்கின்றன. கோழி எருவில் தழைச்சத்து அதிகம். அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. மழை பெய்தால் தண்ணீரோடு நேரே கீழே இறங்கும். 20 அடிக் கிணற்றுக்கு அது அதிக தூரமில்லை. அதற்கு நிறமோ வாசமோ ருசியோ கிடையாது. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற, மீதியில் அது இன்னும் கெட்டியாகும். கரி போட்ட சாதாரண ஃபில்டரும் அதைப் பிடிக்காது.

பெரியவர்களைவிடப் பச்சைக் குழந்தைக்குத்தான் இது ஆபத்து, அதிலும் முதல் 6 மாதம். உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாகி, இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ சாம்பல் பூத்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எதைச் சோதிப்பது என்றால், முதல் சுற்றில் நைட்ரேட், நைட்ரைட், அம்மோனியா, இ.கோலை கிருமி, அமிலத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, குளோரைடு போதும். கூடவே ஈயமும் ஆர்செனிக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம். உங்கள் பக்கம் கடலோரக் களிமண் உள்ள இடங்களில் தண்ணீர் புளித்து இரும்பு கலந்து வருவதுண்டு. உப்பு ஏறுகிறதா என்பதைக் குளோரைடு சொல்லும். தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் இரும்புப் பாக்டீரியா; திரும்ப ஒன்றுசேர்ந்துகொண்டால் பம்ப்பிலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புல் மருந்துக்கு, “எல்லா மருந்தும் பாருங்கள்” என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லாதீர்கள். வெள்ளி கரையும், தேவையானது அந்தப் பட்டியலில் இல்லாமலும் போகலாம். தோட்டக்காரரிடம் நல்லபடியாகப் பேசி, போத்தல் லேபிளில் ‘பஹான் அக்திஃப்’ (வேலை செய்யும் மூலப்பொருள்) என்ற இடத்தில் உள்ள பெயரை எழுதி வாங்குங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் தடை. அதுவும் கிளைபோசேட்டும் களிமண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், கிணறுவரை இறங்குவது குறைவு. டையூரான், அட்ரசின் போன்றவை அப்படியல்ல. லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் அதைக் கட்டாயம் சோதியுங்கள். கிணற்றடியில் நின்று மருந்து கலப்பதும் டாங்கி கழுவுவதும் யார் செய்தாலும் தடுங்கள். மண் வடிகட்டுவதற்கு வழியே இல்லாமல் அது நேராக உள்ளே போகும்.

மாதிரி எடுப்பதில் கெடுப்பவர்கள்தான் அதிகம். மினரல் வாட்டர் போத்தலைக் கழுவி எடுத்துப் போகாதீர்கள். ஆய்வுக்கூடமே தனித்தனிப் போத்தல் தரும்: கிருமிக்குக் கிருமி நீக்கியது, உலோகத்துக்கு அமிலம் விட்டது, மருந்துக்குப் பழுப்புக் கண்ணாடி. உள்ளே இருக்கும் சொட்டு அமிலத்தை அழுக்கென்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பம்ப்பைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஃபில்டருக்கு முந்திய குழாயில் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். நல்ல மழைக்குப் பிறகு ஒன்று, ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் ஒன்று என இரண்டு தடவை எடுத்தால்தான் கிணற்றின் நிலைமை தெரியும். எங்கே கொடுப்பது என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் ஆய்வுக்கூடம் என்றால் ‘சாம்’ என்ற மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரம் உண்டா, அது நைட்ரேட் சோதனைக்கும் உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரம் சோதனைவாரியாகத்தான் தருவார்கள்.

அறிக்கை வந்ததும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் எழுதியிருந்தால் நம் நாட்டுக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். நைட்ரேட் கணக்கிலேயே எழுதியிருந்தால் அதே வரம்பு ஏறக்குறைய 44 ஆகும். 30 என்று வந்தால் ஒரு கணக்கில் குடிக்கலாம், இன்னொரு கணக்கில் மூன்று மடங்கு தாண்டிவிட்டது. எந்தக் கணக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆடுகள் மனிதர்களைவிடக் கூடுதலாகத் தாங்கும். நைட்ரஜன் கணக்கில் 100 மில்லிகிராம்வரை பொதுவாகப் பாதகமில்லை. ஆனால் எரு அதிகம் போட்ட கீரைத் தண்டிலும் நைட்ரேட் சேர்ந்திருக்கும். முற்றிய தண்டை வெறும் வயிற்றில் தின்னவிட்டு மேலே இந்தத் தண்ணீரையும் காட்டினால் இரண்டும் கூடிவிடும். முதலில் புல் கொடுத்துவிட்டு, தண்டைக் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள். மூச்சு வாங்கித் தள்ளாடினால், ஈறு பழுப்பாக இருந்தால், உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி மருந்து உண்டு, தாமதித்தால் பயனில்லை.

எரு மூட்டைகளை நாளைக்கே கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, அங்கிருந்து தண்ணீர் கிணற்றுக்கு ஓடிவராத தாழ்ந்த பக்கத்தில், மேலே கான்வாஸ் போட்டு மூடுங்கள். ஆட்டுக்கொட்டகையின் கழிவும் கிணற்றுப் பக்கம் வடிய வேண்டாம். உறைகளுக்கு இடையே வெடிப்பு இருந்தால் சிமெண்டு பூசி, கிணற்றைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாக மேடை கட்டுங்கள். அதெல்லாம் முடிந்து ஒரு மழைக்காலம் கழிந்த பின் நைட்ரேட்டை மட்டும் மறுபடி பார்த்து எனக்கு எழுதுங்கள்.