கேளுங்கள், சொல்கிறோம்: ஜெலாட்டோ முதல் பதநீர் கிரானிட்டா வரை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஐஸ்கிரீம் ஒரு விலை, ஜெலாட்டோ இரண்டு மடங்கு விலை. அப்படி என்ன இருக்கிறது அதில்?
– வாசகர், பேட்டை

ஜெலாட்டோ என்பது இத்தாலிய வகை ஐஸ்கிரீம். அதில் காற்று குறைவாக இருக்கிறது. ஐஸ்கிரீம் கலவையைக் கடையும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். ஆலைகளில் கலவையின் அளவுக்குச் சமமாகக்கூடக் காற்றை ஏற்றுவார்கள். அப்படிச் செய்த 1 லிட்டர் ஐஸ்கிரீம் ஏறத்தாழ 540 கிராம்தான் நிற்கும். ஜெலாட்டோவை மெதுவாகக் கடைவதால் காற்று 20 முதல் 35 சதவீதம்தான் ஏறும். அதே 1 லிட்டர் 800 கிராமைத் தாண்டும். கொழுப்பு ஐஸ்கிரீமில் 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஜெலாட்டோவில் வழக்கமாக 4 முதல் 8 வரை. கொழுப்பு நாக்கில் படிவது குறைவதால் பிஸ்தா, காபி போன்ற ருசிகள் தூக்கலாகத் தெரியும். பரிமாறுவதும் மைனஸ் 12, 13 டிகிரியில். மைனஸ் 18-ல் வைத்தால் கல்லாகிவிடும்.

டப்பா வாங்குகிறவர்கள் மில்லியையும் கிராமையும் சேர்த்துப் பாருங்கள். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருந்தால் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று அர்த்தம்.

மார்க்கோ போலோதான் சீனாவிலிருந்து ஐஸ்கிரீமை இத்தாலிக்குக் கொண்டுவந்தார் என்று படித்தேன். உண்மையா?
– மாணவி, தென்காசி

ஆதாரம் இல்லை. 1533-ல் கல்யாணமாகி பிரான்சுக்குப் போன இத்தாலியப் பிரபுகுலப் பெண் கத்தரீனா தெ மெதிச்சி கூடவே ஐஸ்கிரீம் சமையல்காரர்களையும் கூட்டிப் போனார் என்பதும் இதே ரகம். இரண்டும் பிற்காலத்தில் கட்டிவிட்ட கதைகள். பனிக்கட்டியோடு உப்பு சேர்ந்தால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் என்ற விஷயம் ஐரோப்பாவில் பரவியது 16-ம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அது தெரியாமல் பாலை உறையவைக்க வழியே கிடையாது. நேப்பிள்ஸ்காரரான ஜம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா, பனியோடு வெடியுப்பைச் சேர்த்து ஒயினை உறையவைக்கும் முறையை 1589-ல் எழுதினார். பாலில் செய்யும் சோர்பெத்தோ என்ற உறைந்த இனிப்பு பற்றிய குறிப்பு 1690-களில், அதே நேப்பிள்ஸில், அந்தோனியோ லத்தினியின் சமையல் நூலில் கிடைக்கிறது. பாரிஸில் 1686-ல் காபிக்கடை திறந்து இதைப் பிரபலமாக்கிய புரோகோப்பியோ, இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவுக்காரர்.

நம் பக்கம் பனிக்கு எங்கே போவது? 1840-களில் அமெரிக்க ஏரிப் பனியைக் கப்பலில் கொண்டுவந்து சென்னைக் கடற்கரை ஐஸ் ஹவுஸில் அடைத்துவைத்தார்கள். இப்போது விவேகானந்தர் இல்லமாக இருப்பது அந்தக் கட்டடம்தான்.

மெஷின் இல்லாமல் வீட்டிலேயே கருப்பட்டி ஜெலாட்டோ செய்ய முடியுமா? நான் செய்தால் பால் திரிந்துவிடுகிறது. தப்பித்தவறி திரியாவிட்டால் ஐஸ் ஐஸாகக் கடிபடுகிறது.
– வாசகி, பாளையங்கோட்டை

தாராளமாக முடியும். முட்டை வேண்டாம்; சிசிலியில் செய்வதுபோலச் சோளமாவே (கார்ன்ஃப்ளார்) போதும்.

கொழுப்புள்ள பால் 750 மில்லி, பால் பவுடர் 40 கிராம், சோளமாவு 25 கிராம், சீனி 40 கிராம், உடன்குடி கருப்பட்டி 160 கிராம். கருப்பட்டியைத் தட்டி, 50 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஆறவிடுங்கள். சோளமாவைக் கொஞ்சம் பச்சைப் பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதிப் பாலில் பவுடரையும் சீனியையும் போட்டுக் காய்ச்சி, கரைத்த மாவை ஊற்றி, கொதி வந்தபின் 2 நிமிடம் விடாமல் கிண்டுங்கள். கொதிக்காவிட்டால் மாவு வாடை அடிக்கும். இறக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து நன்றாக ஆறியபிறகே பாகை ஊற்ற வேண்டும். நீங்கள் கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டிருப்பீர்கள். கருப்பட்டியில் உள்ள அமிலமும் உப்புகளும் சூட்டோடு சேர்ந்தால் பால் திரியத்தான் செய்யும். கலவையை ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். அவசரப்பட்டு வெதுவெதுப்பாகக் கடைந்தால் பாதி ஐஸ் அதைக் குளிரவைக்கவே கரைந்துபோகும்.

இனி உறையவைப்பது. 3 கிலோ ஐஸ் கட்டியைச் சாக்கில் போட்டு உலக்கையால் நொறுக்கி, தூத்துக்குடி கல்லுப்பு 600 கிராம் கலந்து, அடுக்கடுக்காக வாளியில் போடுங்கள். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்குச் சட்டியில் பாதியளவுக்கு மட்டும் கலவையை ஊற்றி அதில் புதையுங்கள். மீதியை அடுத்த தடவைக்கு ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகச் சுழற்றுங்கள். 3 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, ஓரத்தில் படிந்ததை மரக்கரண்டியால் சுரண்டி நடுவில் தள்ளிக் கலக்குங்கள். 1843-ல் நான்சி ஜான்சன் கைச்சுழற்றி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கும் முன், ஐரோப்பாவில் இப்படித்தான் செய்தார்கள்.

ஐஸ் ஐஸாகக் கடிபடுவது இந்தச் சுரண்டலைச் சோம்பியதால்தான். உறைதல் மெதுவாக நடந்தாலும், ஓரம் அசையாமல் கிடந்தாலும் படிகம் பெரிதாகும். உப்பைக் கூட்டினால் சீக்கிரம் ஆகுமே என்று அள்ளிப் போடாதீர்கள்: ஓரம் பாறையாகும், நடு தண்ணீராகவே நிற்கும். கரைந்த உப்புத்தண்ணீர் மூடி மட்டத்துக்கு வராமல் அவ்வப்போது கொட்டிவிடுங்கள். ஒரு சொட்டு உள்ளே போனாலும் எல்லாம் பாழ். அரை மணி நேரத்துக்குள் இட்லி மாவைவிடக் கெட்டியாகத் திரண்டு வரும். உடனே டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் 2 மணி நேரம்.

கரண்ட் போய் வந்தால் ஐஸ்கிரீம் மணல்போல் நறநறக்கிறதே?
– வாசகர், வள்ளியூர்

உருகி மறுபடி உறைந்தால் சின்னப் படிகங்கள் சேர்ந்து பெரிதாகும், ஐஸ் கடிபடும். வாயில் கரையாத நறநறப்பு என்றால் அது பால் சர்க்கரை படிந்தது. பால் பவுடரை வாரிப் போட்ட ஐஸ்கிரீமில் அதிகம் வரும். முழுக்க உருகியிருந்தால் திரும்ப உறையவைக்காமல் கொட்டிவிடுங்கள்.

பதநீரில் ஐஸ் செய்யலாமா?
– வாசகர், திசையன்விளை

பேஷாக. சிசிலியில் எட்னா மலைப் பனியைக் குழிகளில் சேமித்துக் கிரானிட்டா, அதாவது கீறிக் கீறி உறையவைத்த பனித்துருவல், செய்த வழக்கம் உண்டு. இன்றும் கத்தானியா, மெசினா பக்கம் காலைப் பலகாரமே பிரியோஷ் ரொட்டியும் கிரானிட்டாவும்தான். காலையில் இறக்கிய பதநீர் 1 லிட்டரை வடிகட்டி, 60 கிராம் பனங்கற்கண்டைப் பொடித்துக் கரையுங்கள். இனிப்பு குறைந்தால் பாளம்பாளமாக இறுகிவிடும். அகலத் தட்டில் 2 விரற்கடை உயரம் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கீறிவிடுங்கள். நாலைந்து தடவையில் பதம் வந்துவிடும். நுங்கைப் பொடியாக நறுக்கி, பரிமாறும்போது மட்டும் மேலே போடுங்கள். சேர்த்து உறையவைத்தால் கல்லாகும். வெயில் ஏறிய பதநீர் என்றால் விட்டுவிடுங்கள். புளித்துப்போன வாடையை எவ்வளவு குளிரும் மறைக்காது.