பேச்சுத் திறமையால் அடுத்தவர் மனதை மாற்றுவது நியாயமா?

நன்றாகப் பேசத் தெரிந்தவர் அந்தத் திறமையை வைத்து அடுத்தவரை இணங்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். ஆனால் கேட்பவரின் முடிவையே மாற்றக்கூடிய ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்து, அதை மட்டும் நான் சொல்லாமல் விட்டால், மற்றதெல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அது ஏமாற்றுதான்.

பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் கோர்கியாஸ் என்ற பேச்சுக்கலை ஆசான் வருகிறார். அவருடைய சகோதரர் மருத்துவர். மருந்து குடிக்க மாட்டேன், உடம்பில் கத்தி வைக்க விட மாட்டேன் என்று அடம்பிடித்த நோயாளிகளிடம் மருத்துவரின் பேச்சு எடுபடாதபோது, தன் பேச்சு எடுபட்டது என்கிறார். நல்ல காரியம்தான். கையோடு இன்னொன்றும் சொல்கிறார்: மருத்துவர் பதவிக்கு ஊர்ச்சபையில் ஒரு மருத்துவரும் ஒரு பேச்சாளரும் போட்டியிட்டால், பேச்சாளரைத்தான் தேர்ந்தெடுப்பார்களாம்! இரண்டிலும் திறமை ஒன்றுதான். முதலாவதில் பேச்சுக்குப் பின்னால் நோயை அறிந்த ஒருவர் இருக்கிறார். இரண்டாவதில் வெறும் பேச்சு மட்டும்தான்.

சரி, அலங்காரமே வேண்டாம், தகவலை மட்டும் சொல்லிவிடலாமே என்பார்கள். அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 1981இல் ட்வெர்ஸ்கி, கானெமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 600 பேரைப் பலிகொள்ளக்கூடிய ஒரு நோயைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். உறுதியான பலன் தரும் திட்டம் ஒன்று, எல்லாரும் பிழைக்கலாம் அல்லது எல்லாரும் இறக்கலாம் என்ற திட்டம் இன்னொன்று. உறுதியான திட்டத்தில் "200 பேர் பிழைப்பார்கள்" என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறொரு குழுவிடம் அதையே "400 பேர் இறப்பார்கள்" என்று சொன்னபோது 22 சதவீதம் பேர்தான். கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. எப்படிச் சொன்னாலும் ஏதோ ஒரு பக்கம் சாயத்தான் செய்யும் என்பதால், பிழைப்பவர் எத்தனை பேர், இறப்பவர் எத்தனை பேர் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

உணர்ச்சியைத் தொடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சிகிச்சைக்குத் தயங்குபவரிடம் "உங்கள் பேத்தி உங்களைத்தான் தேடுகிறாள்" என்று சொல்வது, அது உண்மையாக இருக்கும்வரை, அவர் யோசிக்க வேண்டிய விஷயம்தான். என்னால் பொறுக்க முடியாதது பொய்யான அவசரம். நாளைக்குச் சொன்னாலும் போதும் என்று தெரிந்தே "இப்பவே சொல்லுங்கள்" என்று நெருக்குவது, எதிராளிக்குக் கேள்வி தோன்றுவதற்குள் காரியத்தை முடித்துக்கொள்ளத்தான். விற்பனையாளர்களை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. "உன் நல்லதுக்குத்தான்" என்ற நினைப்பில் வீட்டுக்குள்ளேயே இது நடக்கிறது. நல்ல எண்ணம் இருப்பதாலேயே சொல்பவருக்கு அது உறுத்துவதும் இல்லை.

யாரையாவது இணங்க வைக்க வேண்டியிருந்தால், என் கருத்துக்கு எதிரான மிக வலுவான காரணத்தை நானே முதலில் சொல்லிவிடுவேன். அப்புறம் என் பக்கத்தை எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் எனக்கு உறுத்துவதில்லை. அதைக் கேட்டுவிட்டுச் சிலர் எனக்கு எதிராகவே முடிவெடுத்திருக்கிறார்கள். எடுக்கட்டும், முடிவு அவர்களுடையது.