நாட்பட்ட மலச்சிக்கலுக்கு வீட்டில் நீர் செலுத்திக் குடலைக் கழுவலாமா?

முள்ளந்தண்டுக் காயத்துக்குப் பின் மலச்சிக்கலால் வருந்தும் தங்கள் தந்தையாருக்கு, யாழ்ப்பாணத்து வீட்டிலேயே குதவழி நீர் செலுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் வைத்தியர் பரிசோதித்த பின், பயிற்சி பெற்ற தாதி அருகிலிருந்து பழக்க வேண்டும். உணவருந்தி அரைமணி நேரத்தின் பின், மலகூடத்தில் அமர்ந்தபடி, 36 முதல் 38 பாகைச் சூடுள்ள நீரை மெல்லச் செலுத்தினால், அது பெருங்குடலின் கீழ்ப்பகுதியை விரித்து, மலத்தை இளக்கி வெளியேற்றும். அவருக்குச் சூடு உறைக்காமல் போகலாம் என்பதால், விரலை விட்டுப் பார்ப்பதை விட வெப்பமானியை நம்புங்கள். நம் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பற்றி அஞ்ச வேண்டாம், அஞ்ச வேண்டியது கிருமிகளுக்கே. குடலடைப்பு, குடற்புற்று, தீவிரக் குடலழற்சி, அண்மையில் குடல் அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால் இம்முறை கூடவே கூடாது. பேதிக்குக் குடிக்கும் நம் பழைய வழக்கம் போல இதை எண்ணிவிடாதீர்கள். அரிதாகவேனும் குடலில் துளை விழக்கூடும் என்பதால், கடும் வயிற்றுவலியோ இரத்தப்போக்கோ காய்ச்சலோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.