தேதி போட்டு எழுதிக்கொள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணன் மூன்று ஆண்டுகளாக ஒரு எதிர்காலக் கணிப்பாளரின் உரைகளைத் தவறாமல் கேட்டுவருகிறார். அந்த மனிதர் பெருந்தொற்றையும் ஒரு போரையும் முன்கூட்டியே சொன்னதாக ஒவ்வொரு உரையிலும் நினைவூட்டுகிறார். ‘நான் சொன்னேன், நடந்தது’ என்பது அவருடைய வழக்கமான தொடர். சந்தேகப்படுகிறவர்களைக் காலம் தண்டிக்கும் என்றும் சொல்வார். அவர் பேச்சைக் கேட்டு அண்ணன் தன் வேலை மாற்றத்தையே தள்ளிப்போட்டுவிட்டார். இந்தக் கணிப்பாளர் ஏமாற்றுக்காரரா, அல்லது தான் சொல்வதை உண்மையிலேயே நம்புகிறவரா? எப்படிக் கண்டறிவது? சோதிடம் அறிவியலா என்பதையும் விளக்க வேண்டுகிறேன். அறிவியலாளர்களும் எதிர்காலத்தைச் சொல்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று அண்ணன் கேட்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் பழைய பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப்போட்டு ஒரு குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். உடனே பதில் எழுத அமர்ந்ததற்கு அதுவே காரணம். குறிப்பேட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சோதிடம் அறிவியலா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். இல்லை என்று பலமுறை எழுதிவிட்டேன். இன்னொரு முறை எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

ஏமாற்றுக்காரரா, நம்புகிறவரா என்று கேட்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் எனக்கு உங்கள்மீது கோபம் வருகிறது. படித்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வந்து வழுக்கி விழுகிறீர்கள். ஆள் நேர்மையானவர் என்று தெரிந்துவிட்டால் அவர் சொல்வதை நம்பலாம் என்று உள்ளூர நினைக்கிறீர்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி விவிலியத்தை வைத்துக் கணக்கிட்டு, 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் இடையில் கிறிஸ்து திரும்பி வருவார் என்றார். காலக்கெடு கடந்ததும் தன் கணக்கு தவறிவிட்டது என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். பிறகு அவருடைய இயக்கத்தவர் 1844 அக்டோபர் 22 என்று புதிய நாள் குறிக்க, கடைசி நேரத்தில் அவரும் அதை ஏற்றார். மறுநாளும் பொழுது வழக்கம்போல விடிந்தது. 1849-இல் இறக்கும்வரை அவர் காத்திருந்தார். அவரை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நாளை நம்பி, விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். மில்லரின் நேர்மை அந்தப் பயிரைக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதரின் பலிக்காத கணிப்புகள் எங்கே இருக்கின்றன?

பழைய ரோமின் சிந்தனையாளர் சிசரோ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். கடற்புயலில் தெய்வத்தை வேண்டிக்கொண்டு உயிர்தப்பியவர்களின் ஓவியங்கள் ஒரு கோயிலில் நிறைந்திருந்தன. அவற்றைக் காட்டி, இதைப் பார்த்த பிறகுமா தெய்வங்களுக்கு மனிதர்மீது அக்கறை இல்லை என்கிறாய் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, மூழ்கிப்போனவர்களின் படத்தை யாரும் இங்கே மாட்டவில்லையே என்றாராம் தெய்வங்களை நம்பாத கிரேக்கரான தியாகோரஸ். எதிர்காலம் சொல்பவர்களின் புகழ் முழுவதும் இப்படி மாட்டப்படாத படங்களின்மேல்தான் நிற்கிறது. 1960 தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரர் வென்று அமெரிக்க அதிபராவார், பதவியிலிருக்கும்போதே இறப்பார் என்று ஜீன் டிக்சன் என்ற அமெரிக்க சோதிடர் சொன்னது 1956-இல் ஒரு பத்திரிகையில் வந்தது; 1963-இல் கென்னடி கொல்லப்பட்டதும் அந்தப் பெண்மணி உலகப் புகழ் பெற்றார். அதே தேர்தலில் நிக்சன் வெல்வார் என்று அவரே பின்னர் மாற்றிச் சொன்னதும், 1958-இல் உலகப்போர் மூளும் என்று சொன்னதும் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? காக்கை உட்கார்ந்தபோது விழுந்த ஒரு பனம்பழத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறோம். காக்கை உட்கார்ந்தும் விழாத பழங்களை எண்ணிவைக்க ஒருவருமில்லை.

அதை எண்ணவிடாமல் செய்வதுதான் இவர்களுடைய அகந்தையின் முழுநேர வேலை. ‘சொன்னேன்’ என்றாலே சொன்னது யார் என்பது விளங்கிவிடுகிற மொழி நம்முடையது. அந்த வினைமுற்றுக்கு முன்னால் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒரு ‘நான்’ வைத்துப் பேசினால், அவர் எதிர்காலத்தைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். கணிப்பு பொய்க்கும்போது இந்த ‘நான்’ எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று கவனியுங்கள். ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் போதகர் இறுதித் தீர்ப்பு நாள் வருவது முதலில் 1994 என்றார். அது பொய்த்தபின் 2011 மே 21 என்றார். அந்த நாளும் சும்மா கழிந்தபோது, தீர்ப்பு கண்ணுக்குத் தெரியாத வகையில் நிகழ்ந்துவிட்டது, உலகம் அக்டோபர் 21-இல் முடியும் என்றார். பிழை அவருடையதாக இல்லாமல் நம்முடைய கண்ணின் பிழையாக மாறிவிட்டது, பார்த்தீர்களா? நாள் குறிக்கத் துணிந்தது பாவம் என்று 2012-இல் அவர் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; முதுமையில் அவ்வளவு தூரம் இறங்கிவருவது எளிதன்று.

உங்கள் அண்ணன் அறிவியலாளர்களைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி, உங்கள் கேள்விகளைவிடவும் நல்லது. அவர்களுக்குச் சலுகை எதுவும் வேண்டாம். வானியலாளர் ஹேலி 1705-இல் ஒரு வால்மீனைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டு, அது 1758-இல் திரும்பும் என்றார். வியாழனும் சனியும் அதை இழுத்துத் தாமதப்படுத்துவதைக் கணக்கிட்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளேரோ, அது சூரியனை மிக நெருங்குவது 1759 ஏப்ரல் நடுவில் நிகழும் என்று 1758 நவம்பரில் அறிவித்தார். கூடவே, தன் கணக்கில் ஒரு மாதம் முன்பின்னாகப் பிழை இருக்கலாம் என்றும் சொன்னார். வால்மீன் மார்ச் 13-இல், ஏறக்குறைய அவர் குறித்த விளிம்பிலேயே, சூரியனை நெருங்கியது. தன்னை எந்த இடத்தில் பிடிக்கலாம் என்பதை அவர் முன்கூட்டியே ஊருக்குக் காட்டிவைத்தார். எல்லா வல்லுநர்களும் இப்படிப்பட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அரசியல், பொருளாதார வல்லுநர்கள் 284 பேரின் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொகுத்துப் பார்த்த உளவியலாளர் பிலிப் டெட்லாக், புகழ் கூடியவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்ததைக் கண்டார். ஆகவே பட்டத்தையும் பார்க்காதீர்கள், குரலின் உறுதியையும் பார்க்காதீர்கள். எதை, எப்போதைக்குள், எந்தச் சொற்களில் சொன்னார் என்று நடப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். நடந்த பிறகு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது உதவாது, ஏனென்றால் நினைவு சொன்னவர் பக்கமே சாயும். மறுபடியும் சொல்கிறேன், நடப்பதற்கு முன்பே, தேதியுடன்.

இதை நான் பதினேழு வயதில் செய்தேன். என் பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். வீட்டில் எது நடந்தாலும் ‘அன்றைக்கே நான் சொன்னேன்’ என்பார். அந்த வயதுக்கே உரிய கொடூரத்துடன் ஓராண்டு முழுவதும் அவர் சொன்னவற்றையெல்லாம் சொல் மாறாமல், தேதி போட்டு எழுதிவைத்தேன். ஆண்டு முடிவில் உறவினர்கள் கூடியிருந்தபோது அந்தக் குறிப்பேட்டை எடுத்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன். தேர்தல், மழை, யாருக்கு எப்போது திருமணம் என்று ஒவ்வொன்றாகப் பொய்த்துக்கொண்டே வர, எல்லோரும் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தார். ஒரு பக்கத்தைத் திருப்பியதும் நின்றுவிட்டேன். பக்கவாதத்தில் படுத்திருந்த பெரியம்மா ஆறு மாதத்தில் எழுந்து நடப்பாள் என்று அவர் சொன்னது அங்கே என் கையெழுத்தில் இருந்தது. பெரியம்மா நான்காம் மாதமே போய்விட்டார்.

பெரியப்பா கையை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கினார். அந்த வரியைப் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கி, அதன் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, ‘அடுத்ததைப் படி’ என்று திருப்பிக் கொடுத்தார். நான் படிக்கவில்லை. கணிப்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் எவ்வளவு வேண்டுதலும் கலந்திருக்கிறது என்பது அதற்கு முன் எனக்குத் தெரியாது. அதன்பிறகும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை. ஆனால் என்னைக் கண்டால் மட்டும், சொல்லிவிட்டு, ‘தேதி போட்டு எழுதிக்கொள்’ என்பார். நான் தேடியது அந்தக் குறிப்பேட்டைத்தான். இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் அண்ணனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதி அவர் முன் படித்துக் காட்ட வேண்டாம். வேலை மாற்றத்தைத் தள்ளிப்போட்டது அந்த மனிதரின் பேச்சைக் கேட்டுத்தான் என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். புதிய வேலையைப் பற்றி அண்ணனுக்கு என்ன பயம் என்று ஒருமுறையாவது நீங்கள் அவரைக் கேட்டீர்களா?