பழைய மெத்தையை வைத்து அறையின் எதிரொலியைக் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் பக்கத்து வீட்டு டிவி சத்தத்தை மெத்தை தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத ஜன்னலும் வேண்டும். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைத்தான் இது விழுங்கும்.

ஃபோம் மெத்தை என்றால் ஒரு துண்டை அறுத்து, வாயருகே பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் காற்று வந்தால் உதவும். கிள்ளினால் மஞ்சள் பொடியாக உதிர்வதையும், தையலோரம் கறுப்புப் புள்ளிகள் இருப்பதையும் (மூட்டைப்பூச்சி!) தொடவே வேண்டாம். இலவம்பஞ்சு ஒலியை நன்றாக உள்ளிழுக்கும், ஆனால் நிமிர்த்தி வைத்தால் பஞ்சு அடியில் இறங்கி மேல்பாதி வெறும் துணியாகிவிடும். அரை அடிக்கு ஒரு குறுக்குத் தையல் போட வேண்டும். ஸ்பிரிங் மெத்தையில் மேல் ஃபோம் மட்டும் போதும், கம்பி பழைய இரும்புக் கடைக்கு.

6×3 அடி, 4 அங்குல ஃபோம் மெத்தையில் 3×2 அடித் துண்டு மூன்று கிடைக்கும். ரொட்டி அறுக்கும் பல் கத்தியால் நீளமாக இழுத்து அறுங்கள். சூடான கம்பி வேண்டாம், வருவது விஷப் புகை. 4 அங்குல அகல மரச்சட்டத்தின் உள்ளளவைக் கால் அங்குலம் குறைத்துச் செய்தால் ஃபோம் பசையில்லாமலே இறுகி நிற்கும். முன்னும் பின்னும் காடாத் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள். ரெக்சின் போர்த்தினால் ஒலி அதில் பட்டே திரும்பிவிடும்.

மாட்டும்போது சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்டுங்கள். காற்று ஃபோமுக்குள் அசைந்தால்தான் ஒலி விழுங்கப்படும்; சுவரை ஒட்டிய காற்றோ அசையாது. சுவரிலிருந்து கால் அலைநீளத் (ஓர் ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு) தொலைவில்தான் அதிகம் அசையும். 430 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 430 அதிர்வு) ஒலிக்கு அது சுமார் 20 செ.மீ.; ஃபோமும் இடைவெளியும் சேர்ந்து அதைத் தொட்டுவிடும். நான்கு சுவரிலும் 1 அங்குல ஃபோமை ஒட்டினால் என்ன ஆகும்? 'ஸ்', 'ச' ஓசைகள் மங்கும். ஆண் குரலின் அடித்தொனி மட்டும் டப்பாவுக்குள் பேசுவதுபோல் அப்படியே நிற்கும்.

குரல் பதிவு என்றால் முதல் ஃபோம் பலகை பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால். மைக் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். பாட்டு கேட்க என்றால், நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்தட்டும். ஸ்பீக்கர் தெரிகிற இடத்தில் மாட்டுங்கள்.

தீ விஷயத்தில் சமரசம் கூடாது. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் மேடைச் சுவர் ஃபோமில் வாணத்தின் பொறி பட்டு 100 பேர் இறந்தார்கள். கூரையில் வேண்டாம், ப்ளக் பாயின்ட், இன்வெர்ட்டர், சாமி விளக்கு அருகிலும் வேண்டாம். கதவுப் பக்கச் சுவரை வெறுமனே விட்டுவிடுங்கள்.